காசு ஒளித்த கை

நான் ஐந்து ரூபாக் காசை இல்லாமலாக்கப் பழகிய வருடத்தில்தான் எங்கள் சித்தி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தினாள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு வராது.

அந்த வித்தையை இப்போதும் போகிற இடத்திலெல்லாம் செய்துகாட்டுகிறேன். கட்டுநாயக்கவில் தையல் வேலைக்குப் போனபோது போர்டிங் பெண்களுக்குச் செய்தேன். வெள்ளவத்தையில் வேலைக்கு நின்ற வீட்டில், சோற்றைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைக்குச் செய்தேன். நல்லதண்ணியில் மலை யாத்திரை சீசன் நேரத்தில் தொப்பி விற்றபோது, மலையிலிருந்து கால் வலியோடு இறங்கி வருகிறவர்களுக்குச் செய்தேன். ஓரிடத்தில் நிலையாக இருக்க எனக்கு முடிவதில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், பாதியில் எழுந்து வந்துவிட்டேன். எங்கே பழகினாய் என்று கேட்பவர்களிடம், போனில் பார்த்துப் பழகினேன் என்று சொல்வேன். அது பாதிதான் உண்மை.

எங்கள் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடந்து ஏற வேண்டிய தோட்டம். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். அதில் எங்கள் காம்பராவும் சித்தப்பாவின் காம்பராவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நடுவில் ஒரு சுவர். அது கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கத்தில் சாமி பெயரைச் சொல்லலாம். அப்பாவும் சித்தப்பாவும் கூடப் பிறந்தவர்கள். சண்டை போட்டாலும் மறுநாள் மறந்துவிடுவார்கள். அம்மாவும் சித்தியும் அப்படி இல்லை. அவர்கள் ஒரே பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்த இரண்டு மருமகள்கள்.

சித்தப்பா கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் கொஞ்ச காலம் வேலை செய்துவிட்டு, ஒரு டச் போனோடு திரும்பி வந்திருந்தார். டவுனில் போன் கடைக்காரர் மெமரி கார்டில் பாட்டும் படமும் நிரப்பித் தருவார். கேட்டதோடு கேட்காததும் கொஞ்சம் சேர்ந்து வரும். அப்படிச் சேர்ந்து வந்ததுதான் அந்த வெள்ளைக்காரனின் வீடியோ. அவன் நிறையப் பேசினான். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதனால் வாயை விட்டுவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன். வலது கையில் இருக்கும் காசை இடது கையில் வைக்கிறான். இடது கையை மூடுகிறான், ஊதுகிறான், விரிக்கிறான். காசு இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. அவன் வைக்கவே இல்லை. வைப்பதுபோல் காட்டிவிட்டு வலது கையிலேயே ஒளித்துக்கொள்கிறான். அவ்வளவுதான் வித்தை. இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று நினைத்தேன். அந்தப் பேச்சில்தான் மீதி வித்தை முழுவதும் இருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது.

அந்த நேரத்தில் சித்தி பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். ஒரு நாள் பீலியில் வாளி வைத்த முறையைப் பற்றிச் சண்டை வந்தது. யார் வாளி முன்னால் இருந்தது என்று இன்றைக்கு அவர்களைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். சித்தியும் லேசுப்பட்டவள் இல்லை. சுருக்கென்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அம்மா அவள் முதுகைப் பார்த்து, லயமே கேட்கும்படி ஒன்று சொன்னாள்.

"வயிறு நெறஞ்சி என்னடி, மனசு நெறையலியே. இந்த வாயிக்கு நீ நல்லாவே இருக்க மாட்ட."

சண்டையில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் அது. வேறு நாளாக இருந்தால் அன்று சாயங்காலமே காற்றில் போயிருக்கும். ஆனால் சில வாரங்களில் சித்தியை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெறும் வயிற்றோடு திரும்பி வந்தாள். இப்படிச் சிலருக்கு நடப்பதுண்டு, காரணம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதாகச் சித்தப்பா வந்து சொன்னார். காரணம் இல்லை என்பதை லயத்தில் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பீலியில் நின்றவர்களுக்கெல்லாம் காது இருந்தது. அந்த வார்த்தை ஒரு காம்பராவிலிருந்து இன்னொரு காம்பராவுக்குப் போகப்போக வளர்ந்தது. கடைசியில் அம்மா ஏதோ செய்து வைத்துவிட்டாள் என்கிற அளவுக்கு வந்து நின்றது. முகத்துக்கு நேராக யாரும் கேட்கவில்லை. அம்மா வந்தால் பேச்சை மாற்றினார்கள்.

அம்மா அதற்குப் பிறகு யாரோடும் சண்டை போடவில்லை. பீலியில் கடைசியாகப் போய் நின்றாள். கோயிலில் மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது, அவள் தன் வாய்மேல் போட்டுக்கொண்டாள். அது ஒரு வேண்டுதலாக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

சித்தி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். உடம்பு தேறியும் வேலைக்குப் போகவில்லை. பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. நான்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஒரு கிண்ணத்தில் ரசமோ கஞ்சியோ கொண்டுபோய்க் கொடுப்பேன். கொடுத்தது யார் என்று சொல்லக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. லயத்துப் பக்கத்து அக்கா கொடுத்தாங்க என்று சொல்வேன். சித்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "பக்கத்து அக்கா மொளகு தூக்கலாப் போட்டிருக்கு" என்பாள். முழுவதையும் குடித்துவிடுவாள். அவள் நம்பிவிட்டாள் என்று எனக்குத் திருப்தி.

அந்தக் கிண்ணத்துக்காக உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அவளுக்கு முதன்முதலாகக் காசு வித்தையைச் செய்துகாட்டினேன். அவள் திரும்பிக்கூடப் படுக்கவில்லை. தலையை மட்டும் திருப்பினாள். நான் வைத்தேன், மூடினேன், ஊதினேன்.

"அந்தக் கையில இருக்கு," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நீதான் அந்தக் கையவே பாத்துக்கிட்டு இருக்கியே."

மறுநாள் வலது கையைப் பார்க்காமல் செய்தேன். அதையும் கண்டுபிடித்தாள். இந்தத் தடவை என் இடது கை காட்டிக்கொடுத்துவிட்டது. "அஞ்சு ரூபாய யாருடி இப்படி நசுக்கிப் புடிப்பா? கோழிக்குஞ்சு கழுத்தையா புடிச்சிருக்க?" அதற்கு அடுத்த நாள் இடது கையைத் தளர்த்திக்கொண்டு போனேன். சித்தி என் வலது கையை மேலும் கீழும் பார்த்தாள். அது விரல் பாதி மடங்கி, இடுப்போடு ஒட்டிக் கிடந்தது. "அந்தக் கைக்கு என்ன, வாதமா?" என்று கேட்டாள். படுக்கையில் கிடந்து நாள்கணக்காக யாரோடும் பேசாதவள், என்னைக் கிண்டல் பண்ண மட்டும் வாயைத் திறந்தாள். சித்தப்பா வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போனதை ஒரு நாள் பார்த்தேன்.

எனக்கோ கோபம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் ஏமாந்தார்கள். அதில் ஒரு பெருமையும் இல்லை. இவளை ஏமாற்ற வேண்டும். அதுதான் அந்த மாதங்களில் என் ஒரே வேலையாக இருந்தது. படிப்பை விட்டேன் என்றே சொல்லலாம்.

ஒரு நாள் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "காசுதான் ஒரு கையில இருக்கே. அத எதுக்கு இன்னொரு கைக்கு மாத்துற? நான் கடைக்குப் போனா மாத்துவேனா?" யோசித்துப் பார்த்தால் உண்மைதான். மனிதர்கள் காரணமில்லாமல் கை மாற்றுவதில்லை. நான் கடையில், பஸ்ஸில், கோயிலில் எல்லாம் கைகளைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். அந்தக் கை வேறு எதையாவது எடுக்க வேண்டியிருந்தால் மட்டும் மாற்றுகிறார்கள். குடையை எடுக்க, கதவைத் திறக்க, பிள்ளையைப் பிடிக்க. அன்றிலிருந்து பக்கத்தில் ஒரு நெருப்புப் பெட்டியை வைத்துக்கொண்டேன். காசை இடது கையில் 'வைத்துவிட்டு', வலது கையால் நெருப்புப் பெட்டியை எடுத்து, மூடிய கையின் மேல் தட்டுவேன். கைக்கு ஒரு வேலை கிடைத்தது. ஆனால் ஒளித்த காசோடு எதையும் எடுக்க அந்தக் கைக்குத் தெரியவில்லை. காசு கீழே விழுந்து உருண்டது. சித்தி அதற்குச் சிரித்தாள்.

அதைத் தீர்த்தது பள்ளிக்கூட விடுமுறை. அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு மலைக்குப் போயிருந்தேன். நிரையில் நின்று பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அதனாலேயே அதுவரை பார்த்ததில்லை. அம்மா கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளுகிறாள். கிள்ளியது உள்ளங்கைக்குள் போகிறது. மற்ற விரல்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. முன்னிரண்டு விரல்கள் நிற்காமல் அடுத்ததைக் கிள்ளுகின்றன. கை நிறையக் கொழுந்து இருக்கிறது, ஆனால் கை சும்மா இருப்பதுபோல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. நிறைந்ததும் தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் போகிறது. நான் தேத்தண்ணிப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். வெயில் பட்டு மயங்கிவிட்டேனோ என்று பக்கத்து நிரையில் நின்ற அக்கா கேட்டாள்.

அன்றிலிருந்து காசைக் கொழுந்துபோல் பிடித்தேன். பின்விரல்களுக்குக் காசு, முன்விரல்களுக்கு நெருப்புப் பெட்டி. வீட்டிலிருந்த எல்லாவற்றையும் அந்தக் கையாலேயே எடுத்தேன். கரண்டி, சீப்பு, பென்சில். ஒளித்த காசோடு தலை சீவிக்கொண்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு இது என்ன பழக்கம் என்று அப்பா ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். அவருக்கு அப்போது வேறு கவலை இருந்தது.

கவலை இதுதான். சித்தி எழுந்திருக்கவில்லை என்பதால் சித்தப்பா ஒரு பூசாரியை அழைக்கப் போகிறார். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், அதை எடுக்க வேண்டும் என்று லயத்தில் பலரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எடுத்தால் மட்டும் போதாது. வைத்தது யார் என்றும் பூசாரி சொல்ல வேண்டும். அது வழக்கம். யார் பேர் வரும் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பேர் வந்துவிட்டால் அண்ணனும் தம்பியும் ஒரு சுவருக்கு இரண்டு பக்கம் இருக்க முடியாது. அம்மா அந்தத் தோட்டத்தில் யார் முகத்திலும் முழிக்க முடியாது. அப்பா சித்தப்பாவிடம் போய் நெடுநேரம் பேசினார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டே, "நான் யாரையும் சொல்லலண்ணே. வந்து பாக்கட்டும். பொண்டாட்டி இப்படிக் கெடக்குறாளே," என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஊதிக்கொண்டே இருந்தாள்.

பூசாரி கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆட்டோவில் வந்தார். மெலிந்த மனிதர். கையில் கடிகாரம் கட்டியிருந்தார். அதைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டுதான் உடுக்கையை எடுத்தார். பாவம், இருமிக்கொண்டே இருந்தார். அம்மாதான் அவருக்குச் சுடுதண்ணீர் கொடுத்தனுப்பினாள். அதையும் யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது.

சித்தப்பாவின் காம்பராவுக்கு முன்னால், தண்ணீர் ஓடும் கானோரத்தில், ஒரு பூசணிக்காயும் எலுமிச்சம்பழங்களும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்துக் கோலம் போட்டார்கள். லயமே கூடிவிட்டது. சித்தியைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து பலகையில் உட்கார வைத்தார்கள். பூசாரிக்கு நேர் எதிரே இருந்தாள். அவளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். அப்பா கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். அம்மா எங்கள் வாசலில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பூசாரி பாடினார், உடுக்கை அடித்தார், ஆடினார். பிறகு கானோரத்தில் ஓரிடத்தைக் காட்டினார். சித்தப்பா மண்வெட்டியால் தோண்டினார். அந்த வாரம் முழுக்க மழை. மண் கறுப்புச் சேறாக இருந்தது. வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. முழங்கை ஆழம் வந்ததும் பூசாரி போதும் என்றார். விபூதிப் பைக்குள் வலது கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, குழியைச் சுற்றித் தூவினார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாமி வந்ததால் அல்ல. பைக்குள் போன கை வேறு, வெளியே வந்த கை வேறு. அதுவரை அந்தக் கை உடுக்கையை அடித்தது, வேட்டியை இழுத்து விட்டது, இருமும்போது வாயைப் பொத்தியது. பைக்குள் போய் வந்து விபூதியைத் தூவிய பிறகு ஒன்றும் செய்யவில்லை. விரல் பாதி மடங்கி, இடுப்போடு ஒட்டிக் கிடந்தது. வியர்வையை மணிக்கட்டால் துடைத்தார். நான் என் கையையே பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு ஒருவர் சூடத் தட்டை நீட்டினார். பூசாரி அதை இடது கையால் வாங்கினார்.

சூடத் தட்டை இடது கையால் வாங்குகிற பூசாரியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. அவர்கள் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சித்தியைப் பார்த்தேன். அவள் குழியைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மெதுவாக அவள் தொடையைத் தட்டினேன். அவள் என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

பூசாரி குழியருகே மண்டியிட்டு, வலது கையைச் சேற்றுக்குள் விட்டார். தேடினார், முனகினார், யாரோ உள்ளிருந்து இழுப்பதுபோல் தோளை ஆட்டினார். அதை நன்றாகவே செய்தார். கை வெளியே வந்தபோது, கறுப்பு நூல் சுற்றிய ஒரு சின்னச் செப்புத் தகடு அதில் இருந்தது. கூட்டம் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது. சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. அம்மா நிலையைப் பிடித்தபடியே சறுக்கிக் கீழே உட்கார்ந்திருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மண்ணுக்குள்ளதான் இருந்துச்சா... மண்ணுக்குள்ளதான் இருந்துச்சா," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. குற்றமுள்ளவள் அழுகிறாள் என்று அவர்கள் நினைத்தது எனக்கே விளங்கியது. பூசாரியும் பார்த்தார். அவருக்கு வந்த வேலை சுலபமாகிவிட்டது.

"யாரு வச்சதுன்னு சாமி சொல்லுது," என்றார். "சொல்லட்டுமா?"

சித்தப்பா நிமிரவில்லை. கூட்டத்தில் யாரோ, சொல்லுங்க சாமி, தெரிஞ்சிக்கத்தானே வேணும் என்றார்கள். அப்பா ஓர் அடி முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"ரொம்பத் தூரத்து ஆளு இல்ல," என்று பூசாரி தொடங்கினார். "செவுத்துக்கு..."

சித்தி எழுந்தாள். மாதக்கணக்காகத் தானாக எழுந்திராதவள் எழுந்ததைப் பார்த்துக் கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. நான் அவளைப் பிடிக்க எழுந்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கோலத்தில் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். பூசாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"கைய நீட்டுங்க சாமி, கழுவிக்கங்க."

அவர் தகட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார். இப்போது மாற்ற ஒரு காரணம் இருந்தது. சித்தி செம்பைச் சாய்க்காமல், குனிந்து, அவருக்கும் எனக்கும் மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"பொறங்கையெல்லாம் சேறு. உள்ளங்கையில மட்டும் ஒட்டவே இல்ல பாருங்க சாமி."

நானும் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. நடுவில், தகடு அளவுக்கு, விபூதி அப்படியே வெள்ளையாக இருந்தது. பூசாரி கையை மூடிக்கொண்டார். அன்று முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்தார். இருமல் வந்தது, நெடுநேரம் இருமினார். சித்தி தண்ணீரை ஊற்றினாள். மூடிய கையை அவரே மெதுவாகத் திறந்து, நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டார்.

பிறகு சித்தி நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பேரெல்லாம் வேணாங்க சாமி. எடுத்துட்டீங்கல்ல. அதோட போகட்டும்."

கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. முணுமுணுத்தார்கள். பூசாரி கையை உயர்த்தி அடக்கினார். தொடங்கிய சொல்லை அவர் வீணாக்க விரும்பவில்லை. சாமி சொல்வதை முழுதாகக் கேளுங்கள் என்றார். வைத்தவன் செவுத்துக்கும் அந்தப் பக்கம், ஆத்துக்கும் அந்தப் பக்கம், மலைக்கும் அந்தப் பக்கம் உள்ள ஆளு. இந்தத் தோட்டத்து ஆளே இல்ல. பேரைச் சொன்னால் பகை தேடி வரும். தாயி வேணாங்குது, சாமியும் சரிங்குது. இப்படி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, கூலியாகப் பேசியிருந்த சேவலை வாங்கிக்கொண்டார். தகட்டை ஆற்றில் போட அவரே எடுத்துப் போனார்.

எனக்கு மனசு ஆறவில்லை. கூட்டம் கலைந்ததும் சித்தியைப் பிடித்துக்கொண்டேன். அவள் காம்பராவுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அவரு கையிலயே வச்சிருந்தாரு."

"தெரியும்."

"அப்ப எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஏன் சொல்லல?"

"சொன்னா?"

சொன்னால் செய்வினையே இல்லை என்று ஆகிவிடும், அம்மா மேல் பழி இல்லை என்று ஆகிவிடும் என்று விளக்கினேன். எனக்கு அது கணக்குப்போல் நேராகத் தெரிந்தது. சித்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்படி ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா இன்னொரு பூசாரியைக் கூட்டிக்கொண்டு வருவார், அவன் கையை நன்றாகப் பழக்கியவனாக இருப்பான் என்றாள். நான் விடவில்லை. மற்றவர்களுக்கு வேண்டாம், அம்மாவிடமாவது சொல்கிறேன், அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்று எழுந்தேன். சித்தி என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். படுத்தே கிடந்தவளுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"ஊரெல்லாம் வேணும்னாலும் போய்ச் சொல்லு. ஒங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிறாத."

"ஏன்?"

"சொல்லாதன்னா சொல்லாத."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள். பீலிச் சண்டையை அவள் இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் அம்மாவை மட்டும் ஏமாந்தவளாக விட்டுவைக்கப் பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. ரசம் வைத்துக் கொடுத்தவளுக்கு இதுதானா நன்றி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் என்னைக் கண்டதும் பசிக்கிறதா என்று கேட்டாள். ரொட்டி சுட்டாள். சுடும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்தத் தகட்டை நான் கிட்ட இருந்து பார்த்தேனா, மண்ணுக்குள்ளிருந்து வந்ததை என் கண்ணால் பார்த்தேனா என்று இரண்டு தடவை கேட்டாள். பார்த்தேன் என்றேன். "பழையதா இருந்துச்சா? பீலிச் சண்டைக்கு ரொம்ப நாளைக்கு முன்னாடி வச்சதுதானே?" என்றாள். சத்தியம் செய்திருந்ததால், ஆமாம் என்றேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டு, சாப்பிடு என்றாள்.

மறுநாள் காலையில், பனி விலகுவதற்கு முன்னால், அம்மா மலைக்குப் போக இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு சுவரைத் தட்டினாள்.

"எந்திரிச்சிட்டியா? பெரட்டுல பேரு குடுக்க நேரமாச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் பாய் சுருட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இந்தா வந்துட்டேன்க்கா," என்று சித்தியின் குரல் வந்தது.

வாசல் இஸ்தோப்பில் நின்று அவர்கள் போவதைப் பார்த்தேன். சித்திக்கு நடை இன்னும் சரியாகவில்லை; அம்மா அவளுடைய கூடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, அவளுக்காக மெதுவாக நடந்தாள். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டு போனார்கள். சித்தி எதற்கோ அம்மாவின் முதுகில் ஓர் அடி வைத்தாள். அம்மா சிரித்தாள். இவ்வளவு மோசமாகச் செய்த ஒரு வித்தையை நம்பிக்கொண்டு அம்மா இப்படிச் சிரிக்கிறாளே என்று எனக்கு அவளை நினைத்து வெட்கமாக இருந்தது. பெரியவளானதும் முதல் வேலையாக அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.